இன்கா ட்ரெய்ல் 4 நாள் நடை: பர்மிட் எடுக்குறதுல இருந்து மச்சு பிச்சு போய் சேர்ற வரைக்கும்

இன்கா ட்ரெய்ல் போகப் போறேன்னு யார்கிட்ட சொன்னாலும் ரெண்டாவது நாள் ஏத்தத்தைச் சொல்லித்தான் பயமுறுத்துவாங்க. 4,215 மீட்டர், மூச்சே விட முடியாது, பாதியில திரும்பினவங்க எல்லாம் இருக்காங்க, அப்படி இப்படின்னு. நானும் அதை நம்பி மாசக்கணக்குல மாடிப்படி ஏறி ஏறி ப்ராக்டீஸ் பண்ணிட்டுப் போனேன். ஏறிட்டேன், அதுல ஒரு பிரச்சனையும் இல்ல. என் முட்டியை காலி பண்ணது மூணாவது நாள் இறக்கம். அதைப் பத்தி ஒருத்தரும் வாயே திறக்கல. அதனால இதைப் படிக்கிற நீங்களாவது ஏறுறதுக்கு மட்டும் இல்லாம இறங்குறதுக்கும் தயாராகிப் போங்கன்னுதான் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

முதல்ல எது இந்த பாதைன்னு தெளிவா சொல்லிடுறேன், ஏன்னா ஊர்ல நாலஞ்சு ட்ரெக்கை ஒரே பேர்ல விக்கிறாங்க. க்ளாசிக் இன்கா ட்ரெய்ல்னா பெரு நாட்டுல குஸ்கோ பக்கத்துல, உருபம்பா ஆத்தோரம் ரயில் பாதையோட 82-வது கிலோமீட்டர் கல்லுல ஆரம்பிச்சு, கிட்டத்தட்ட 42 கிலோமீட்டர் நடந்து, நாலாவது நாள் காலையில இன்டிபுன்குங்கற சூரிய வாசல் வழியா மச்சு பிச்சுங்கற பழைய இன்கா நகரத்துக்குள்ள இறங்குறது. இன்கா ராஜ்ஜியம் முழுக்க ஓடின சாலைகளை ‘காபாக் ந்யான்’னு சொல்லுவாங்க, சுமார் 30,000 கிலோமீட்டர், 2014-ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்துச்சு. நாம நடக்குறது அதுல ஒரு சின்னத் துண்டு. ஆனா வழியில அடுத்தடுத்து இத்தனை இடிபாடு வர்ற துண்டு, கடைசியில நேரா மச்சு பிச்சு வாசல்ல கொண்டுபோய் விடுற துண்டு இதுதான்.

104-வது கிலோமீட்டர்ல இறங்கி நடக்குற ‘ஷார்ட் இன்கா ட்ரெய்ல்’ தனி, அது 2 நாள், அதுக்கு பர்மிட்டும் தனி. சல்கன்டாய்னு ஒண்ணு இருக்கு, 4,600 மீட்டர் தாண்டி ஏறணும், பனி மலை அழகு, ஆனா வழியில இடிபாடு கம்மி. சோக்கெகிராவ்னு இன்னொண்ணு, அபுரிமாக் ஆத்து வரைக்கும் இறங்கி மறுபடி 1,500 மீட்டர் கிட்ட நேர் ஏத்தம். கூட்டமே வேண்டாம் முட்டி ஸ்ட்ராங்கா இருக்குன்னா அங்க போங்க. மத்தவங்களுக்கு க்ளாசிக்தான் என் ஓட்டு.

பர்மிட், அதுல நம்ம பேர் பண்ற கூத்து

ஒரு நாளைக்கு மொத்தம் 500 பேரைத்தான் இந்தப் பாதையில விடுறாங்க. இந்த 500-ல போர்ட்டர், சமையல்காரர், கைடு எல்லாரும் சேர்த்தி, நம்மள மாதிரி நடக்க வர்றவங்க 200 பேர்தான் இருப்பாங்க. தனியா போக முடியாது, லைசென்ஸ் வாங்கின கம்பெனி மூலமா, லைசென்ஸ் உள்ள கைடோடதான் போகணும். பிப்ரவரி மாசம் பராமரிப்புக்காக பாதையை மூடிடுவாங்க, மச்சு பிச்சு மட்டும் திறந்திருக்கும். மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும் வறண்ட சீசன், அதுக்கு பர்மிட் அஞ்சாறு மாசம் முன்னாடியே தீர்ந்துடும், ஜூன் ஜூலைன்னா இன்னும் சீக்கிரம். நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் மழை. மழைக்காலத்துல போறவங்க ஒரு விஷயம் தெரிஞ்சுக்கணும். 2010 ஜனவரியில பெஞ்ச மழையில ரயில் பாதையே அடிச்சுட்டுப் போய், மச்சு பிச்சு அடிவாரத்துல மாட்டின சுமார் 4,000 டூரிஸ்ட்டை ஹெலிகாப்டர்ல தூக்கிட்டு வந்தாங்க. வருஷா வருஷம் அப்படி நடக்காது, ஆனா நடந்திருக்கு. என்னைக் கேட்டா மே ரெண்டாவது பாதி பெஸ்ட், மழை முடிஞ்சு மலை பச்சையா இருக்கும், கூட்டமும் முழுசா வந்திருக்காது.

பர்மிட் பாஸ்போர்ட் நம்பர் மேல எழுதுறது. புக் பண்ணப்புறம் பேரை மாத்த முடியாது, வேற ஆளுக்குக் கொடுக்க முடியாது, தேதியும் மாறாது. இங்கதான் நம்ம ஆளுங்க கவனமா இருக்கணும். நமக்கு இனிஷியல் இருக்கும், சர்நேம் இருக்காது, பாதி பேர் பாஸ்போர்ட்ல அந்தக் கட்டமே காலியா இருக்கும், ஃபார்ம்ல மட்டும் சர்நேம் இல்லாம அடுத்த பக்கம் போகவே விடாது. எங்க க்ரூப்ல ஒரு பையன் அவசரத்துல அப்பா பேரை பாதி மட்டும் போட்டு அனுப்பிட்டான், நாங்க போன கம்பெனியும் பாஸ்போர்ட் காப்பியைப் பார்க்காமலே புக் பண்ணிட்டாங்க. கடைசி வாரத்துல கண்டுபிடிச்சு மெயில் மேல மெயில் போட்டு சரி பண்றதுக்குள்ள தாவு தீர்ந்துடுச்சு. பாஸ்போர்ட் முதல் பக்கத்தை ஸ்கேன் பண்ணி அனுப்பி, ‘இதுல இருக்குற மாதிரியே போடுங்க’ன்னு எழுதி, பர்மிட் காப்பி வந்ததும் எழுத்து எழுத்தா ஒத்துப் பாருங்க. நடுவுல பாஸ்போர்ட் ரினியூ பண்ணா உடனே கம்பெனிக்குச் சொல்லிடுங்க, பழசு புதுசு ரெண்டையும் கையில எடுத்துட்டுப் போங்க. ஒரிஜினல் இல்லாம செக்போஸ்ட்ல விடமாட்டாங்க, போன்ல இருக்குற போட்டோ எல்லாம் செல்லாது.

விசா, ஊசி

அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஷெங்கன் இதுல ஏதாவது ஒரு விசா ஆறு மாசத்துக்குக் குறையாம பாக்கி இருந்தாலோ, அங்க நிரந்தரமா இருக்குற அனுமதி இருந்தாலோ, இந்திய பாஸ்போர்ட்டுக்கு பெரு விசா தேவையில்லைன்னு 2017-லயே அறிவிச்சுட்டாங்க. இல்லன்னா விசா எடுக்கணும். எதுக்கும் டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை தூதரகத்துல கேட்டுடுங்க.

நிறைய பேர் மறக்குறது மஞ்சள் காய்ச்சல் ஊசி. இந்த மலைப் பாதையில அந்த நோய் ஒரு பிரச்சனையே இல்ல, ஆனா பெரு போயிட்டு இந்தியா திரும்பும்போது ஏர்போர்ட்ல ஊசி போட்டதுக்கான மஞ்சள் புக்கை கேப்பாங்க, இல்லன்னா தனியா வைக்கவும் அதிகாரம் இருக்கு. போட்டு 10 நாள் ஆனப்புறம்தான் அது செல்லும். சென்னையில கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்ல போடுறாங்க. டிக்கெட் போட்ட கையோட இதையும் முடிச்சுடுங்க.

கம்பெனியை எப்படி பொறுக்குறது

ஒரு ஆளுக்கு சுமார் 700 டாலர்ல இருந்து 900 டாலர் வரைக்கும் கேப்பாங்க, அதுக்கு மேலயும் இருக்கு. ரொம்ப குறைச்சு யாராவது சொன்னா அந்தக் காசு எங்க மிச்சமாச்சுன்னு யோசிங்க. பர்மிட் விலை எல்லாருக்கும் ஒண்ணு, ரயிலும் மச்சு பிச்சு நுழைவுச் சீட்டும் எல்லாருக்கும் ஒண்ணு, அப்போ குறையுறது போர்ட்டர் கூலியிலயும் சாப்பாட்டுலயும்தான். இந்தப் பாதையில குதிரை கழுதை எல்லாம் மேல வராது, டெண்ட், கேஸ் சிலிண்டர், சாப்பாட்டு மேசை, நம்ம துணி மூட்டை எல்லாம் மனுஷன் முதுகுலதான் வருது. சட்டப்படி ஒரு ஆண் போர்ட்டர் கம்பெனி சாமான் 20 கிலோவுக்கு மேல தூக்கக் கூடாது, செக்போஸ்ட்ல தராசு வச்சு நிறுத்துப் பாக்குறாங்க. ஒரு காலத்துல இதுக்கு ஒரு கணக்கே இல்லாம இருந்துச்சு, 2000-க்கு அப்புறம் வந்த சட்டங்கள்தான் ஓரளவு மாத்துச்சு.

அதனால புக் பண்றதுக்கு முன்னாடி ரிவ்யூ பாக்குறதோட இதையும் கேளுங்க. போர்ட்டர் எங்க தூங்குவாங்க, அவங்களுக்கு ஸ்லீப்பிங் பேக், ஷூ, மழைக்கோட்டு குடுக்குறீங்களா, நாங்க சாப்பிடுறதுல மிச்சம்தான் அவங்களுக்கா இல்ல தனியா சமைக்கிறாங்களா. இதுக்கு நேரா பதில் சொல்ற கம்பெனி மத்த எல்லாத்தையும் ஒழுங்கா பண்ணும். 8 பேருக்கு மேல க்ரூப் இருந்தா ரெண்டாவது கைடு வரணும், அதையும் கேட்டுக்குங்க. மச்சு பிச்சுவுக்குள்ள இப்போ 2024-ல இருந்து சர்க்யூட் சர்க்யூட்டா பிரிச்சுட்டாங்க, ஒரு டிக்கெட்டுக்கு ஒரு வழிதான், உங்க பர்மிட்டோட எந்த சர்க்யூட் வருதுன்னு எழுத்துல வாங்கிக்குங்க. முழுசா சுத்திப் பாக்கணும்னா இன்னொரு டிக்கெட் தனியா போடச் சொல்லுங்க.

சைவம் சாப்பிடுறவங்க தாராளமா வரலாம், குயினோவா சூப், உருளைக்கிழங்கு, அரிசி, பருப்பு வகைன்னு குறையே இருக்காது. ஆனா வெறும் ‘வெஜிடேரியன்’னு எழுதினா சூப்ல சிக்கன் தண்ணி சேர்ந்துடலாம். கறி, கோழி, மீன், முட்டை எது வேண்டாமோ அதைத் தனித்தனியா எழுதுங்க.

உயரத்தை ஏமாத்த முடியாது

பெரு தலைநகர் லிமா கடல் ஓரம், அங்கேர்ந்து ஒண்ணேகால் மணி நேர ஃப்ளைட்ல குஸ்கோவுல இறங்குனா 3,400 மீட்டர். உடம்புக்கு ஒண்ணும் புரியாது. ஃபிட்டா இருக்குறவங்களுக்கு வராதுன்னு நினைக்காதீங்க, மாரத்தான் ஓடுறவன் வாந்தி எடுத்துட்டு உக்காந்திருப்பான், பக்கத்துல தொப்பையோட ஒருத்தர் ஜம்முன்னு டீ குடிச்சுட்டு இருப்பார். ட்ரெக் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி குறைஞ்சது 3 நாள் அங்க இருக்கணும், 4 இருந்தா நிம்மதி. இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. ஏர்போர்ட்ல இறங்கினதும் குஸ்கோவுல தங்காம நேரா கார் புடிச்சு ஒல்லாண்டாய்டாம்போ போயிடுங்க. அது 2,800 மீட்டர்தான், தூக்கம் நல்லா வரும், அங்க இருக்குற இன்கா கோட்டைப் படிகள்ல ஏறி இறங்கினா அதுவே ப்ராக்டீஸ். ரெண்டு ராத்திரி கழிச்சு குஸ்கோ வந்து சுத்துங்க.

முதல் நாள் வயிறு முட்ட சாப்பிடாதீங்க, பீரைத் தொடாதீங்க, தண்ணி குடிச்சுட்டே இருங்க. கோகா இலை டீ எல்லா ஹோட்டல்லயும் சும்மாவே வச்சிருப்பாங்க, குடிச்சா தலைபாரம் கொஞ்சம் குறையுற மாதிரி இருக்கும். ஆனா அந்த இலையையோ டீ பாக்கெட்டையோ ஞாபகத்துக்குன்னு ஊருக்குக் கொண்டு வந்துடாதீங்க, நம்ம சட்டத்துல அது போதைப்பொருள் கேஸ். டயமாக்ஸ் மாத்திரை நிறைய பேர் போடுறாங்க, நானும் போட்டேன், ஆனா டாக்டரைக் கேக்காம வேண்டாம், சல்ஃபா மருந்து ஒத்துக்காதவங்க கண்டிப்பா சொல்லிடணும். அதைப் போட்டா விரல் நுனியெல்லாம் குறுகுறுங்கும், ஒண்ணுக்கு அடிக்கடி வரும், பயப்படாதீங்க.

தலைவலி, பசியின்மை, லேசா குமட்டல், இது வரைக்கும் சகஜம். சும்மா உக்காந்திருக்கும்போதே மூச்சு வாங்குது, நேர்கோட்டுல நடக்க முடியல, பேச்சு குழறுதுன்னா அது வேற கதை, உடனே கீழ இறங்கணும். வெட்கப்பட்டுட்டு கைடுகிட்ட மறைக்காதீங்க. இந்தப் பாதையில ரோடு கிடையாது, முதல் கணவாய் தாண்டுற வரைக்கும் திரும்பி வர்றது சுலபம், தாண்டிட்டா ஸ்ட்ரெச்சர்ல நாலு பேர் தூக்கிட்டுத்தான் வரணும். ட்ராவல் இன்சூரன்ஸ் எடுக்கும்போதும் எத்தனை மீட்டர் உயரம் வரைக்கும் கவர் பண்றாங்கன்னு பாருங்க. நிறைய பாலிசியில உயரத்துக்கு ஒரு எல்லை போட்டிருக்கும், உங்களுக்கு 4,500 வேணும்.

உடம்பைத் தயார் பண்றது, பையைக் கட்டுறது

ப்ராக்டீஸ் பண்ணும்போது ஏறுறதுல பாதி கவனம், இறங்குறதுல பாதி கவனம். அபார்ட்மெண்ட்ல படி ஏறிட்டு லிஃப்ட்ல இறங்குறதுதான் நான் பண்ண தப்பு. பத்து மாடி ஏறினா பத்து மாடி இறங்குங்க, முதுகுல 5 கிலோ பையோட. பர்வதமலை, வெள்ளியங்கிரி மாதிரி படியும் பாறையும் உள்ள மலையில ரெண்டு மூணு தடவை ஏறி இறங்கிட்டா தொடையும் முட்டியும் என்ன சொல்லுதுன்னு தெரிஞ்சுடும்.

பையில முக்கியமான கணக்கு 7 கிலோ. போர்ட்டர்கிட்ட குடுக்குற மூட்டைக்கு சாதாரணமா அவ்ளோதான் விடுவாங்க, அதுலயே ஸ்லீப்பிங் பேக்கும் மேட்டும் சேர்த்தி, அது ரெண்டும் போனா உங்க துணிக்கு மிஞ்சுறது 4 கிலோ சொச்சம். ஜீன்ஸ் ஒண்ணு கூட வேண்டாம், நனைஞ்சா காயவே காயாது. உள்ள ஒரு மெல்லிசு, மேல ஃப்ளீஸ், அதுக்கு மேல காத்தும் மழையும் தடுக்குற ஜாக்கெட், ராத்திரிக்கு ஒரு டவுன் ஜாக்கெட், குல்லா, கையுறை. பகல்ல வெயில் மண்டையைப் பொளக்கும், ராத்திரி ரெண்டாவது கேம்ப்ல குளிர் எலும்பு வரைக்கும் போகும், ரெண்டுத்துக்கும் ஒரே பையில இடம் வேணும். ஷூ புதுசா வாங்கி நேரா அங்க கொண்டு போனீங்கன்னா கொப்புளம் நிச்சயம், குறைஞ்சது ஒரு மாசம் ஊர்ல போட்டுப் பழகுங்க. வாக்கிங் போல் ரெண்டு கண்டிப்பா வேணும், நுனியில ரப்பர் மூடி இருக்கணும், வெறும் இரும்பு நுனி கல் படியைச் சிதைக்கும்னு விடமாட்டாங்க.

தலையில மாட்டுற லைட், பவர் பேங்க் (வழியில சார்ஜ் போட எங்கயும் கிடையாது), சன்ஸ்க்ரீன், பூச்சி தடவுற க்ரீம், டாய்லெட் பேப்பர், காதுல வைக்கிற பஞ்சு, சில்லறை நோட்டா பெரு நாட்டு சோல் பணம். பூச்சி க்ரீமை மட்டும் கடைசி ரெண்டு நாளைக்குக் கைக்கெட்டுற இடத்துல வைங்க. மூணாவது ராத்திரி தங்குற வின்யாய் வைனாவுலயும் மச்சு பிச்சுவுலயும் ஒரு சின்ன ஈ இருக்கு, கடிக்கும்போது தெரியாது, மறுநாள் கெண்டைக்கால் முழுக்க சிவப்பு சிவப்பா வீங்கி ஒரு வாரம் சொறிய வைக்கும். ட்ரோன் கொண்டு போகாதீங்க, தடை.

முதல் நாள்: ஏமாத்துற நாள்

காலையில ஒல்லாண்டாய்டாம்போவுல டிபன், அங்கேர்ந்து வேன்ல 82-வது கிலோமீட்டர், பேர் பிஸ்ககூச்சோ. போர்ட்டருங்க மூட்டை கட்டுறாங்க, தராசுல வைக்கிறாங்க, நாம வரிசையில நின்னு பாஸ்போர்ட்டைக் காட்டி பாலத்தைத் தாண்டினா நடை ஆரம்பம். உயரம் 2,700 சொச்சம். கத்தாழை, கள்ளிச்செடி, தூரத்துல வெரோனிகா பனி மலை. ஆத்தோரமா சின்னச் சின்ன வீடுங்க, தண்ணி பாட்டில் விக்கிற அக்காங்க.

இங்க ஒரு சொல் கத்துப்பீங்க, ‘இன்கா சமதளம்’. கைடு வாயில சமதளம்னு வந்தா கொஞ்சம் ஏத்தம், கொஞ்சம் இறக்கம், மறுபடி ஏத்தம்னு அர்த்தம். மத்தியானம் வாக்குல ஒரு மேட்டுல ஏறி கீழ பார்த்தா பாடயாக்டா தெரியும். ஆத்து ஓரத்தை ஒட்டி வளைஞ்சு வளைஞ்சு அடுக்கடுக்கா வயல் தளம், அதுக்கு மேல வரிசையா வீட்டுச் சுவர்கள். மச்சு பிச்சுவுக்கு சோளம் உருளைக்கிழங்கு விளைஞ்சு போன இடங்கள்ல ஒண்ணு. ஸ்பானியர்கள் துரத்தினப்போ இன்கா ராஜா மன்கோ இன்கா பின்வாங்குற வழியில இதையெல்லாம் கொளுத்திட்டுப் போனார்னு சொல்றாங்க. மச்சு பிச்சு இருக்குறது ஸ்பானியர் கண்ணுல படாமலே போனதுக்கு அதுவும் ஒரு காரணமாம்.

முதல் ராத்திரி வாய்யபம்பா பக்கம், 3,000 மீட்டர். சில கம்பெனி இன்னும் மேல ஏத்தி அயபாடாவுல தங்க வைப்பாங்க, 3,300. சான்ஸ் இருந்தா அதைக் கேட்டு வாங்குங்க, மறுநாள் 300 மீட்டர் மிச்சம். நீங்க போய் சேர்றதுக்கு முன்னாடியே டெண்ட் போட்டு, ஒரு கிண்ணத்துல சுடுதண்ணி வச்சிருப்பாங்க, அப்புறம் பாப்கார்னும் டீயும் வரும். நம்மள ஓவர்டேக் பண்ணி முதுகுல மூட்டையோட ஓடின அதே ஆளுங்கதான் இதையும் பண்றாங்கங்கறது அப்பதான் உறைக்கும். பேரைக் கேட்டுக்குங்க. கெச்சுவா மொழியில ‘சுல்பாய்கி’ன்னா நன்றி, அந்த ஒரு வார்த்தைக்கே முகம் மலர்ந்துடும்.

டாய்லெட் பத்தி வெள்ளைக்காரங்க ஓவரா புலம்பியிருப்பாங்க. குந்தி உக்கார்ற டாய்லெட், நமக்கு அது ஒரு மேட்டரே இல்ல. சுத்தம் மட்டும் சாயங்காலத்துக்கு மேல சொல்லிக்கிற மாதிரி இருக்காது, அதனால சீக்கிரம் போயிட்டு வந்துடுங்க.

ரெண்டாவது நாள்: எல்லாரும் பயப்படுற நாள்

விடியறதுக்கு முன்னாடி டெண்ட் வாசல்ல கோகா டீ வந்து நிக்கும். வாய்யபம்பாவுல இருந்து கணவாய் வரைக்கும் 1,200 மீட்டர் ஏத்தம், வேற ஒண்ணும் இல்ல, ஏத்தம்தான். முதல் பாதி காட்டுக்குள்ள, காகிதம் மாதிரி பட்டை உரியுற சிவப்பு மரங்க, கெவுன்யான்னு பேர், பாசி, ஓடைச் சத்தம். யூயூச்சாபம்பாங்கற புல்வெளி வந்தா 3,800. கடை கண்ணி அதோட சரி, மேல ஒண்ணும் கிடைக்காது, தண்ணியை அங்கயே நிரப்பிக்குங்க. அதுக்கப்புறம் மரமே இல்லாத மொட்டைச் சரிவு, மேல கணவாய் கண்ணுக்குத் தெரியும், ஒன்றரை மணி நேரம் நடந்தாலும் அது அதே இடத்துல இருக்குற மாதிரியே இருக்கும்.

இதுக்கு வழி ஒண்ணுதான், ஆமை வேகம். பேசிட்டே நடக்க முடியுற வேகம்தான் சரியான வேகம், பேச்சு நின்னா வேகம் அதிகம்னு அர்த்தம். அம்பது அடி வச்சு நில்லுங்க, மூச்சை முழுசா வெளிய விடுங்க, மறுபடி அம்பது. உக்காந்துட்டா உடம்பு குளிர்ந்துடும், எந்திரிக்க மனசு வராது, அதனால நின்னுட்டே ரெஸ்ட் எடுங்க. மேல காத்துல ஆக்ஸிஜன் கடல் மட்டத்துல கிடைக்கிறதுல 60 சதவீதம்தான், அதனால நெஞ்சு தடதடன்னு அடிச்சா உங்க மேல தப்பில்ல.

வார்மிவன்யுஸ்கா, 4,215 மீட்டர். செத்த பொண்ணுன்னு அர்த்தம், கேட்டதும் ஏதோ சோகக் கதைன்னு நினைச்சேன், கீழேர்ந்து பாக்கும்போது மலை உச்சி மல்லாந்து படுத்த பொண்ணு மாதிரி தெரியும், அவ்ளோதான் சமாச்சாரம். போட்டோ எடுத்துட்டு ஜாக்கெட் போட்டுட்டு கிளம்பிடுங்க, காத்து பிச்சு எடுக்கும்.

எல்லாரும் அழுகை சிரிப்புன்னு கட்டிப்பிடிச்சுட்டு நிக்கிற இந்த இடத்துல இருந்துதான் முட்டியோட கதை ஆரம்பம். பகாய்மாயோ கேம்ப் 3,600-ல, கிட்டத்தட்ட 600 மீட்டர் கல் படியிலயே இறங்கணும், ஒவ்வொரு படியும் ஒவ்வொரு உயரம். ஜெயிச்சுட்டோங்கற குஷியில நாங்க தடதடன்னு இறங்கினோம். அன்னிக்கு ஒண்ணும் தெரியல.

மூணாவது நாள்: உண்மையான நாள்

நாலு நாள்ல எனக்குப் பிடிச்சதும் இதுதான், என்னை ஒடிச்சதும் இதுதான். தூரம் அதிகம், காலையில 6 மணிக்கு நடக்க ஆரம்பிச்சா சாயங்காலம் ஆயிடும்.

முதல்ல ருன்குராகாய், முட்டை வடிவத்துல ஒரு சின்ன கட்டடம், பள்ளத்தாக்கைப் பார்த்தபடி. ‘சாஸ்கி’ன்னு சொல்ற ஓட்டத் தூதர்கள் தங்கி மாறுற இடமா இருந்திருக்கலாம்னு சொல்றாங்க. அதுக்கு மேல ரெண்டாவது கணவாய், 3,950. இதைத் தாண்டினதும் காலுக்குக் கீழ பாதையே மாறிடும், கவனிச்சுப் பாருங்க. பெரிய பெரிய கல்லு, பள்ளத்து ஓரத்துல கீழேர்ந்து அடுக்கிக் கொண்டு வந்த தாங்குச் சுவர், தண்ணி வடிய கால்வாய். இதுல பெரும்பாலும் இன்காக்கள் போட்டதே, 500 வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் அதே கல்லு மேலதான் நடக்குறோம்.

சயாக்மார்காவுக்கு கிட்டத்தட்ட நூறு படி நேரா ஏறணும், பக்கவாட்டுல பிரியுற வழி, சில பேர் ‘கால் வலிக்குது, கீழயே இருக்கேன்’னு உக்காந்துடுவாங்க. விட்டுடாதீங்க. மூணு பக்கமும் கிடுகிடு பள்ளம், மலை முதுகு எப்படி வளைஞ்சிருக்கோ அப்படியே சுவரும் வளைஞ்சிருக்கு, மேகம் ஒரு வாசல்ல புகுந்து இன்னொரு ஜன்னல் வழியா போகுது. நாங்க போனப்போ அங்க எங்களைத் தவிர நாலே பேர். மச்சு பிச்சுவுல அந்த அமைதி எந்த காசு குடுத்தாலும் கிடைக்காது.

அங்கேர்ந்து மேகக் காட்டு வழி, ஆர்க்கிட் பூ, பாசி படிஞ்ச பாறை, பாறைப் பிளவையே செதுக்கி படி வச்ச ஒரு குகைப் பாதை. அப்புறம் மூணாவது கணவாய், ஒட்டினாப்ல புயுபடாமார்கா, மேகத்துக்கு மேல இருக்குற ஊர்னு அர்த்தம். அடுக்கடுக்கா கல் தொட்டி, ஒண்ணுல இருந்து ஒண்ணுக்கு தண்ணி இறங்குது. இங்க நல்லா சாப்பிட்டு, ஷூ லேசை இறுக்கிக் கட்டுங்க, விரல் முன்னாடி போய் இடிக்காத மாதிரி கணுக்கால் கிட்ட இறுக்கணும். வாக்கிங் போலை ஒரு சாண் நீட்டி வைங்க. முட்டிப் பட்டை இருந்தா வலி வந்தப்புறம் இல்ல, இப்பவே போட்டுக்குங்க. ஏன்னா இங்கேர்ந்து வின்யாய் வைனா வரைக்கும் 1,000 மீட்டர் இறக்கம், ஆயிரக்கணக்குல படி.

இறங்குற விதம் சொல்றேன். போல் முதல்ல கீழ் படியில, அப்புறம் கால். முட்டியை விறைப்பா வைக்காம லேசா மடக்கியே வைங்க. உயரமான படியில நேரா குதிக்காம பக்கவாட்டுல திரும்பி இறங்குங்க, அடிக்கடி பக்கத்தை மாத்துங்க, ஒரே கால் எல்லா அடியையும் வாங்கக் கூடாது. பின்னாடி போர்ட்டர் வந்தா மலைச் சுவர் பக்கமா ஒதுங்கி நில்லுங்க, பள்ளத்துப் பக்கம் ஒதுங்கக் கூடாது. மழை பெஞ்சிருந்தா இந்தக் கல்லு சோப்பு மாதிரி வழுக்கும், ஒவ்வொரு அடியையும் பார்த்து வைங்க. நான் முந்தின நாள் குஷியிலயே இங்கயும் ஆரம்பிச்சு, பாதியில வலது முட்டி உள்ள ஊசி குத்துற மாதிரி ஆகி, கடைசி ஒரு மணி நேர வழியை ரெண்டரை மணி நேரம் எடுத்து வந்தேன். கைடு ஒரு வார்த்தை கடிஞ்சுக்கல, என் பையை வாங்கி தன் முன்பக்கம் மாட்டிக்கிட்டு கூடவே நடந்தார்.

வழியில இன்டிபடா பிரியும், மலைச் சரிவு முழுக்க வயல் தளம். கேம்ப்ல மூட்டையை வச்சதும் படுத்துடாம வின்யாய் வைனா இடிபாட்டைப் போய்ப் பாருங்க, கேம்ப்ல இருந்து அஞ்சு பத்து நிமிஷம்தான். ‘என்றும் இளமை’ன்னு அர்த்தம், அந்தப் பேர்ல இங்க ஒரு ஆர்க்கிட் பூவும் இருக்கு. குழிஞ்ச சரிவுல அரை வட்டமா அடுக்கு தளம், நடுவுல படி, படி ஓரமா வரிசையா நீர்த்தொட்டி, எதிர்ல பள்ளத்தாக்கு. நான் நொண்டிட்டே போனேன், போனது நல்லதாப் போச்சு.

அன்னிக்கு ராத்திரிதான் போர்ட்டர்களுக்கும் சமையல்காரருக்கும் டிப்ஸ் குடுக்குற நேரம், மறுநாள் காலையில அவங்களைப் பார்க்க முடியாது. க்ரூப்பா சேர்ந்து எவ்ளோன்னு முதல் நாளே பேசி வச்சு, சின்ன நோட்டா மாத்தி, ஒவ்வொருத்தர் கையிலயும் நேரா குடுங்க. பெரிய நோட்டைக் குடுத்து பிரிச்சுக்கச் சொன்னா அது அவங்களுக்குள்ள வம்பு.

நாலாவது நாள்: கதவு

ராத்திரி 3 மணிக்கே எழுப்பி விடுவாங்க. சூரிய உதயத்துக்காகன்னு நினைச்சுட்டு இருந்தேன். நிஜக் காரணம், டெண்டைப் பிரிச்சு மூட்டை கட்டி போர்ட்டருங்க காலையில அவங்களுக்குன்னு இருக்குற ரயிலைப் பிடிக்கணும். அப்புறம் செக்போஸ்ட் வாசல்ல 5:30 வரைக்கும் இருட்டுல உக்காந்திருக்கணும். திறந்ததும் சில பேர் ஓடுவாங்க, நீங்க ஓடாதீங்க, ஒரு பக்கம் பள்ளம். ஒரு மணி நேரத்துக்கு மேல நடந்தா ஏணி மாதிரி செங்குத்தா அம்பது படி, கையும் காலும் ஊனி ஏறினா இன்டிபுன்கு, சூரிய வாசல்.

கீழ மச்சு பிச்சு. சில நாள் வெறும் வெள்ளை மேகம் மட்டும்தான் தெரியும், அதுக்கும் மனசைத் தயார் பண்ணிக்குங்க. எங்களுக்கு இருபது நிமிஷம் ஒண்ணுமே தெரியல, அப்புறம் திரை விலகுற மாதிரி கொஞ்சம் கொஞ்சமா. 1450 வாக்குல பச்சகூட்டிங்கற இன்கா ராஜா காலத்துல கட்டினது, 1911 ஜூலை 24-ல ஹிராம் பிங்கம்ங்கற அமெரிக்க ஆராய்ச்சியாளர் வந்து உலகத்துக்குச் சொன்னார். ஆனா அவரைக் கூட்டிட்டு வந்து காட்டினது மெல்சோர் ஆர்டியாகாங்கற உள்ளூர் விவசாயி, அந்தத் தளத்துல அப்பவே குடும்பங்க விவசாயம் பண்ணிட்டு இருந்தாங்க, அதனால ‘கண்டுபிடிச்சார்’ங்கற வார்த்தையைச் சொன்னா கைடு முகம் சுளிப்பார்.

இறங்கி வந்ததும் மெயின் கேட்டுக்கு வெளிய போய் பெரிய பையை லாக்கர்ல வச்சு, டாய்லெட் போயிட்டு, அப்புறம் உள்ள வரணும். உள்ள டாய்லெட் கிடையாது. தூக்கி எறியுற ப்ளாஸ்டிக் பாட்டிலும் கூடாது. கைடு ரெண்டு மணி நேரம் சுத்திக் காட்டுவார். பஸ்ல, ரயில்ல வந்தவங்க சென்ட் மணத்தோட நிப்பாங்க, நாம மூணு நாள் குளிக்காம நிப்போம், தானா வழி விட்டுடுவாங்க.

அப்புறம் பஸ் புடிச்சா 25 நிமிஷத்துல அடிவார ஊர் அகுவாஸ் காலியென்டெஸ். நடந்தும் இறங்கலாம், படிதான், வேண்டாம். ரயில் மத்தியானமா சாயங்காலமான்னு கம்பெனிகிட்ட முன்னாடியே கேட்டு வைங்க, ரொம்ப சீக்கிரம் போட்டா அவசர அவசரமா ஓடணும். அடுத்த நாளே லிமாவுக்கு ஃப்ளைட் போடாதீங்க, ஒரு நாள் இடைவெளி விடுங்க, ரயிலும் மழையும் நம்ம பேச்சைக் கேக்காது.

எங்க க்ரூப் சாப்பிட கூடினது ஒரு மாடி ஹோட்டல்ல. மூக்குப் பிடிக்க சாப்பிட்டுட்டு எந்திரிச்சா கீழ இறங்க பன்னெண்டு மரப்படி. நான் கைப்பிடியை ரெண்டு கையாலயும் பிடிச்சு, முதுகு காட்டி, குழந்தை இறங்குற மாதிரி பின்பக்கமா இறங்கிட்டு இருக்கேன், ஒரு நிமிஷம் ஆகியும் பாதிதான் வந்திருக்கேன். மேல அடுத்து இறங்க நின்ன ரெண்டு பேர் கழுத்துலயும் ட்ரெய்ல் தூசி, கையில போல். ஒண்ணுமே கேக்காம அவங்களும் திரும்பி நின்னு, கைப்பிடியைப் பிடிச்சு, பின்பக்கமாவே இறங்க ஆரம்பிச்சாங்க.